நோய் நடந்த வழி: ஸ்பானிய மருத்துவச் சொற்கள் ஆங்கிலம் புகுந்த வரலாறு

1980ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள மருத்துவமனை ஒன்றுக்கு 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டார். அவருடைய சுற்றத்தார் கியூபா நாட்டு வழியினர், ஸ்பானியம் பேசுவோர். உண்ட உணவு ஏதோ ஒவ்வாமற்போயிற்று என்று அவர்கள் எண்ணினர். கியூபா வழக்கில் அந்நிலைக்கு ‘இந்தோக்சிகாதோ’ என்று பெயர். உண்டதோ குடித்ததோ உடம்புக்குக் கேடு செய்துவிட்டது என்பதற்கு மேல் அச்சொல் எதையும் சொல்வதில்லை. மருத்துவர் ஸ்பானியம் அறியாதவர். அரைகுறை ஆங்கிலத்தின் வழியே அவரை எட்டிய சொல் ‘இன்டாக்சிகேட்டட்’. அன்றாட ஆங்கிலத்தில் அதற்கு மதுவின் அல்லது போதைமருந்தின் வயப்பட்டவர் என்று பொருள். இளைஞர் வேண்டுமென்றே மருந்தை அளவுமீறி உட்கொண்டார் என்று முடிவுசெய்யப்பட்டு, அதற்குரிய மருத்துவம் நடந்தது. உண்மையில் அவருடைய மூளைக்குள் குருதி கசிந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் கடந்த பின்னரே அது கண்டறியப்பட்டது. அதற்குள் கைகால் நான்கும் செயலிழந்துவிட்டன. பின்னர் வழக்கு தொடரப்பட்டு, அவருடைய வாழ்நாள் முழுமைக்குமென ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம் டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது.

மருத்துவ உரைபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி தரும் வகுப்புகளில் இந்நிகழ்ச்சி அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்ததன் விளைவு என்றே அதனைப் பெரும்பாலும் கூறுவர். அது மெய்தான், எனினும் முழுமெய்யன்று. அன்று உரைபெயர்ப்பாளர் ஒருவரும் அழைக்கப்படவில்லை. ஏனெனில், அழைக்க வேண்டிய தேவை இருப்பதாக இரு தரப்பாரும் கருதவில்லை. ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கிவிட்டது என்றே இருவரும் நம்பினர். இரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை. கிரேக்க மொழியில் வில்லைக் குறிக்கும் ‘தோக்சோன்’ என்னும் சொல்லிலிருந்து அம்பில் தடவும் நஞ்சுக்குப் பெயர் வந்தது; அது இலத்தீனுக்குச் சென்று, அங்கிருந்து இரு மொழிகளுக்கும் பரவியது. ஸ்பானியம் நஞ்சை நஞ்சாகவே வைத்துக்கொண்டது. ஆங்கிலமோ அதனைக் கள்ளுக்கடைக்கு அழைத்துச் சென்றுவிட்டது. முகம் ஒன்றாக இருந்தமையால் உள்ளம் வேறாகியிருந்ததை எவரும் நோக்கவில்லை.

பொருள்களின் பெயர்கள் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது பெரிய இடர் நேர்வதில்லை. நோய் எவ்வாறு தொடங்கிற்று, எவ்வாறு வளர்ந்தது, எப்போது தணிந்தது, எப்போது மீண்டது என நோயின் நடையைச் சொல்லும் சொற்களில்தான் இடர் மிகுதி. இவ்வுரை அச்சொற்களைப் பற்றியது.

ஸ்பானிய மருத்துவம் ஆங்கிலத்திற்கு வரத் தொடங்கியது நேற்றன்று. செவில்லா நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்தெஸ் புதிய உலகின் மூலிகைகளைப் பற்றி எழுதிய நூலை ஜான் ஃபிராம்ப்டன் என்பார் 1577இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஃபிராம்ப்டன் மருத்துவரல்லர், ஸ்பெயினில் வாணிகம் செய்யப்போய் அங்குச் சமய விசாரணை மன்றத்தின் சிறையில் கிடந்து மீண்டவர். சிறைவைத்தவர்களின் மொழியைத் தம் நாட்டாருக்குப் பயன்படுத்திய அவருடைய மனத்திட்பம் தனியே ஓர் உரைக்குரியது. நம் பொருளுக்கு வேண்டியது இவ்வளவே: புகையிலை போன்ற பெயர்களை அப்படியே ஒலிபெயர்த்து ஆங்கிலம் ஏற்றுக்கொண்டது. செடியைக் கையில் எடுத்துக்காட்டலாம். வேரை முகர்ந்து பார்க்கலாம். பெயர் எதுவாயினும் பொருள் மாறாது. நோயின் நடையை அவ்வாறு கையில் எடுத்துக்காட்ட இயலாது. அது காலத்தில் நிகழ்வது. அதனைக் காண்பதற்கே சொல் வேண்டும்.

அக்காலத்து ஐரோப்பிய மருத்துவர் அனைவரும் கற்றது கிரேக்க மருத்துவர் கேலன் வகுத்த நெறியே. ஒவ்வொரு நோய்க்கும் தொடக்கம், ஏற்றம், நிலை, இறக்கம் என நான்கு காலங்கள் உண்டு என்பது அந்நெறி. இவற்றுள் மூன்றாவதாகிய ‘நிலை’ என்பது நோய் தன் முழுவலிமையோடு நிற்கும் காலம். இலத்தீனில் அதற்கு ‘ஸ்டாட்டுஸ்’ என்று பெயர். ஸ்பானியர் அதனை ‘எஸ்தாதோ’ என்றனர். 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கில மருத்துவ நூல்களும் ‘ஸ்டேட்’ என்றே எழுதின. அன்று இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தனர். பின்னர் ஆங்கில மருத்துவம் அப்பொருளைக் கைவிட்டது. ‘உச்சம்’ என்னும் பொருள்தரும் வேறு சொற்களை ஆளலாயிற்று. ‘ஸ்டேட்’ என்பது பொதுவாக உடம்பின் நிலைமை என்று மட்டும் பொருள்படலாயிற்று. ஸ்பானியமோ, பிரெஞ்சு மருத்துவத்தின் செல்வாக்கினால், பழைய பொருளை இன்றும் காத்துவருகிறது. ஆகையால் ஸ்பானிய நூலொன்றில் ‘எஸ்தாதோ காலம்’ என்று வந்தால், அது நோய் முற்றி நிற்கும் கட்டம் என்று கொள்ள வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் ‘நிலைமைக் காலம்’ என்று எழுதிவிட்டுப் போவார். படிக்கும் ஆங்கிலேயருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. இதற்கு மிக அண்மையில் ‘எஸ்தாதியோ’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது புற்றுநோய் போன்றவற்றின் படிநிலையைக் குறிப்பது. ஓரெழுத்து வேறுபாட்டில் நோயாளியின் பொதுநிலைமையும் நோயின் படிநிலையும் இடம்மாறிவிடக்கூடும்.

இனி ஹவானாவுக்குச் செல்வோம். நோயின் காலத்தைச் சொல்லால் பிடிக்க முயன்ற வரலாற்றில் அந்நகரத்திற்குத் தனியிடம் உண்டு.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஸ்பானியக் குடியேற்ற நாடுகளில் வழங்கிய பழம்பெயர் ‘வோமித்தோ நெக்ரோ’, அதாவது கருவாந்தி. வயிற்றுக்குள் கசிந்த குருதி கறுத்து, காப்பி வண்டல்போல் வெளிப்படுவதைக் கண்டு இட்ட பெயர். ஆங்கிலேயர் அதனை மொழிபெயர்த்தும் வழங்கினர். ‘வோமிட்டோ’ என்று அப்படியே எடுத்தும் வழங்கினர். மஞ்சள் காய்ச்சல் என்னும் மற்றப் பெயர் கண்ணும் தோலும் மஞ்சளிப்பதனால் வந்தது. மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவாந்தியும் மஞ்சளிப்பும் நோயின் பிற்பகுதியில் தோன்றுபவை. இரு மொழியினரும் நோய்க்கு அதன் கடைசிக் கட்டத்திலிருந்தே பெயர் எடுத்தனர். ஆனால் நோயாளியின் குருதியிலிருந்து நோய் பிறருக்குச் செல்லக்கூடிய காலமோ முதல் மூன்று நாள். அப்போது மஞ்சளும் இல்லை, கருமையும் இல்லை, தலைவலியும் முதுகுவலியும் காய்ச்சலுமே உண்டு. பெயர் எங்குக் கைகாட்டியதோ அங்குக் காரணம் இல்லை. இந்நோயின் பரவல் நெடுங்காலம் விளங்காமற்போனதற்குப் பல காரணங்கள் உள. அவற்றுள் பெயரும் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

1878இல் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்நோய் ஏறத்தாழ 20,000 உயிர்களைக் கொண்டது. மறு ஆண்டு அமெரிக்க அரசு ஹவானாவுக்கு ஓர் ஆய்வுக்குழுவை அனுப்பியது. அக்குழுவுடன் பணியாற்ற அமைந்தவர் கார்லோஸ் ஃபின்லே. 1833இல் கியூபாவில் பிறந்தவர், தந்தையார் ஸ்காட்லாந்தியர், தாயார் பிரெஞ்சு வழியினர், இளமைக் கல்வி பிரான்சில், மருத்துவக் கல்வி பிலடெல்பியாவில். நோயொன்றின் விளைவாகப் பேச்சுத் திக்கல் உடையவர். மொழிகள் பலவற்றில் எழுதவல்ல அவருக்கு எந்த மொழியிலும் தடையின்றிப் பேச இயலவில்லை. அக்குழுவுடன் நியூ ஆர்லியன்சிலிருந்து மருத்துவ மாணவர் ஒருவரும் உதவியாளராக வந்திருந்தார். அவர் பெயர் ருடால்ஃப் மாட்டாஸ். லூசியானாவில் கட்டலானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். வீட்டில் ஸ்பானியமும் வெளியில் ஆங்கிலமுமாக வளர்ந்தவர். அப்போது வயது 19. பிற்காலத்தில் குருதிக்குழாய் அறுவை மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்டவர் அவரே.

1881 ஆகஸ்ட் 14ஆம் நாள் ஹவானாவின் அறிவியல் கழகத்தில் ஃபின்லே தம் புகழ்பெற்ற கட்டுரையைப் படித்தார். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பது அதன் கருத்து. மறு ஆண்டே மாட்டாஸ் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து நியூ ஆர்லியன்சு மருத்துவ இதழில் வெளியிட்டார். கட்டுரையின் தலைப்பிலேயே ‘கருதுகோளாக’ என்னும் பொருளுடைய அடைமொழி ஒன்று உண்டு: கொசுவை மஞ்சள் காய்ச்சலின் பரப்பியாகக் கருதுகோள் அளவில் எண்ணிப் பார்த்தல் என்பது தலைப்பின் கருத்து. மாட்டாஸ் அவ்வடைமொழியை விடவில்லை, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பெயர்ப்பு நேர்மையானது. ஆயினும் ஆங்கில உலகம் ஏறத்தாழ 20 ஆண்டு அதனைப் பொருட்படுத்தவில்லை. மொழி தெரியாமையால் ஓர் உண்மை மறைந்துகிடந்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கு அது பொருந்தாது. உண்மை ஆங்கிலத்திலேயே அச்சாகி அலமாரியில் இருந்தது.

அக்கட்டுரையில் ஃபின்லே மூன்று நிபந்தனைகளை வகுத்தார். அவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். நோயின் தகுந்த கட்டத்தில் நோயாளி ஒருவரைக் கொசு கடித்திருக்க வேண்டும். அக்கொசு மற்றொருவரைக் கடிக்கும்வரை உயிரோடிருக்க வேண்டும். கடிபட்டவர் அந்நோயை ஏற்கும் உடம்பினராக இருக்க வேண்டும். ‘தகுந்த கட்டம்’ என்னும் அச்சிறு தொடரில்தான் பிற்கால ஆய்வின் வித்து முழுவதும் அடங்கியிருந்தது. ஆனால் எந்தக் கட்டம் தகுந்தது என்று ஃபின்லேயால் வரையறுக்க இயலவில்லை. கொசுவின் உடம்புக்குள்ளும் நோய்க்கு ஒரு காலம் வேண்டும் என்பதையும் அவர் அறியவில்லை. கொசுவின் கொடுக்கில் ஒட்டிய நச்சுத்துகள் மறுகடியில் இறங்குகிறது என்று கருதினார். ஆகவே நோயாளியைக் கடித்த சில நாள்களிலேயே கொசுவைப் பிறர்மீது விட்டு ஆய்ந்தார். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் செய்தும் பிறர் ஏற்கத்தக்க சான்று கிட்டவில்லை. கொள்கை மெய், கணக்கிட்ட காலம் பிழை.

அக்காலக் கணக்கைத் தந்தவர் ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர். 1898இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஆர்வுட், டெய்லர் என்னும் சிற்றூர்ப் பகுதிகளில் ஒவ்வொரு வீட்டிலும் முதல் நோயாளி எந்நாளில் விழுந்தார், அடுத்தவர் எந்நாளில் விழுந்தார் என்று அவர் குறித்துவைத்தார். இரண்டுக்கும் இடையே இரண்டு முதல் மூன்று வாரம் இருந்தது. ஆனால் அவ்விடைவெளி கழிந்த பிறகு அவ்வீட்டுக்கு வந்துபோனவர்கள் சில நாள்களிலேயே நோயுற்றனர். மனித உடம்புக்குள் நோய் அரும்புவதற்குச் சில நாள் போதுமானால், எஞ்சிய நாள்களில் நோய் எங்கே இருந்தது? மனிதனுக்குப் புறத்தே ஏதோ ஓரிடத்தில் அது முதிர்கிறது என்று கார்ட்டர் முடிவுகட்டினார். அதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் ‘புற அரும்புகாலம்’ எனலாம். அக்கட்டுரை 1900இல் வெளியாயிற்று. வெளியிட்ட இதழ், 18 ஆண்டுக்கு முன் மாட்டாசின் மொழிபெயர்ப்பை வெளியிட்ட அதே நியூ ஆர்லியன்சு இதழ்தான். ஹவானாவின் ஸ்பானியக் கேள்வியும் மிசிசிப்பியின் ஆங்கில விடையும் ஒரே இதழின் பக்கங்களில் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆள் வேண்டியிருந்தது.

1900ஆம் ஆண்டின் நடுவில் வால்ட்டர் ரீட் தலைமையில் கியூபா சென்ற அமெரிக்கப் படைமருத்துவக் குழு அதனைச் செய்தது. ஃபின்லே தம்மிடமிருந்த கொசு முட்டைகளை அவர்களுக்கு அளித்தார். குழுவினருள் ஒருவரான ஜெசி லசியர் கார்ட்டரின் கட்டுரையையும் அறிந்திருந்தார். ஆகஸ்ட் 27ஆம் நாள், 12 நாளுக்கு முன் நோயாளி ஒருவரைக் கடித்திருந்த கொசு குழு உறுப்பினர் ஜேம்ஸ் கேரலைக் கடித்தது. அவர் நோயுற்றுப் பிழைத்தார். லசியர் செப்டம்பர் 25ஆம் நாள் அதே நோயால் இறந்தார். நோயாளியின் குருதி முதல் மூன்று நாளிலேயே கொசுவுக்கு நோயைத் தரும், கொசு அதனைப் பிறருக்குத் தர ஏறத்தாழ 12 நாள் வேண்டும் என்னும் இரண்டு கால அளவுகள் நிறுவப்பட்டன. ‘தகுந்த கட்டம்’ என்னும் ஸ்பானியத் தொடருக்குக் கடைசியில் எண்கள் கிடைத்தன. 1901 முடிவதற்குள் ஹவானாவில் அந்நோய் அடங்கியது.

அந்த ஆய்வோடு இணைந்த ஆவணம் ஒன்று மொழிபெயர்ப்பு மாணவர்கள் அறியத்தக்கது. தன்னார்வலராக வந்தோருள் பலர் ஸ்பெயினிலிருந்து அண்மையில் குடியேறிய தொழிலாளர். அவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது. ஆய்வுக்கு உடன்படுவோருக்கு 100 டாலர் மதிப்புள்ள பொன். நோய் கண்டால் மேலும் 100 டாலர். நோய் கண்டால் உயிருக்கு ‘ஓரளவு’ இடர் உண்டென்பதைத் தாம் நன்கறிந்திருப்பதாகவும், இத்தீவில் இருக்கும்வரை எப்படியும் அந்நோயைத் தவிர்க்க இயலாதென்பதால் வேண்டியே ஏற்பதாகவும் கையொப்பமிடுவோர் ஒப்புக்கொண்டனர். ஆய்வுக்கு உட்படுவோரிடம் எழுத்தில் இசைவு பெற்ற முன்னோடி ஆவணங்களுள் ஒன்றாக இதனைப் பாராட்டுவர். அப்பாராட்டு தகும். ஆயினும் அந்த ‘ஓரளவு’ என்னும் சொல்லை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் அமைவதில்லை. குழுவைச் சேர்ந்த மருத்துவரே இறந்து சில கிழமைகள்தாம் ஆகியிருந்தன. இரு மொழியிலும் அதே பொருள் பிழையின்றி வந்திருந்தாலும், அந்த அளவு எவ்வளவு என்பதை எந்த மொழியும் அத்தொழிலாளரிடம் சொல்லவில்லை.

மஞ்சள் காய்ச்சலின் நடையை மருத்துவ நூல்கள் மூன்று கட்டமாகப் பிரிக்கின்றன. முதலில் மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சல். அடுத்துச் சில மணிநேரம் முதல் ஒரு நாள்வரை தணிவு: காய்ச்சல் இறங்கும், நோயாளி எழுந்து அமர்வார், உணவு கேட்பார். பெரும்பாலோர் அத்துடன் நலம்பெறுவர். சிலருக்கு மட்டும் மூன்றாம் கட்டம் வரும். மஞ்சளிப்பும் கருவாந்தியும் குருதிப்போக்கும் அப்போதுதான். அம்மூன்றாம் கட்டத்திற்கு ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே பெயர்தான்: நச்சேற்றக் காலம். அதாவது, நாம் தொடக்கத்தில் கண்ட அதே ‘இந்தோக்சிகாதோ’வின் வேர். மருத்துவ நூலுக்குள் நிற்கும்வரை ஆங்கிலச் சொல்லும் நஞ்சு என்னும் பழம்பொருளை மறக்கவில்லை என்பதற்கு இது சான்று. அதே சொல் அவசர மருத்துவப் பிரிவின் வாயிலில், வெள்ளுடையணிந்த ஒருவரின் செவியில் விழும்போதுகூடத் தெருவின் பொருளையே எடுத்துக்கொண்டது.

இரண்டாம் கட்டமாகிய தணிவு நமக்கும் அயலானதன்று. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டெங்கிக் காய்ச்சலைப் பரப்புகிறது. ‘டெங்கி’ என்னும் பெயரே ஸ்பானியத்தின் வழியாக, 1828இல் கியூபாவில் பரவிய கொள்ளைநோயின்போது நிலைபெற்று, ஆங்கிலத்துக்குச் சென்று, நம்மிடம் வந்தது. அந்நோயிலும் காய்ச்சல் இறங்கும் நாளே கவனம் மிக வேண்டிய நாள். குருதிக்குழாயிலிருந்து நீர் கசிந்து உடல் தளர்வது அப்போதுதான் நிகழக்கூடும். “காய்ச்சல் விட்டுவிட்டது” என்று வீட்டார் மகிழும் வேளையில் மருத்துவர் குருதிப் பரிசோதனைக்கு மீண்டும் வரச்சொல்வதன் காரணம் இதுவே. தணிவு என்பது நலமன்று. இவ்வேறுபாட்டை ஒரு மொழி தெளிவாகச் சொல்லி மற்றொரு மொழி குழப்புமானால், இடைவெளியில் நிற்பவர் நோயாளி.

இன்றைய ஸ்பானிய மருத்துவக் குறிப்புகளை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சொல் ‘எவொலூசியோன்’. ஆங்கிலக் கண்ணுக்கு அது டார்வினை நினைவூட்டும். ஸ்பானிய மருத்துவருக்கோ அது நோயின் போக்கு என்பது மட்டுமே. ‘மூன்று நாள் எவொலூசியோன் உடைய காய்ச்சல்’ என்று அவர் எழுதினால், காய்ச்சல் தொடங்கி மூன்று நாளாயிற்று என்று பொருள். இவ்விடத்தில் ஆங்கில மருத்துவர் ‘மூன்று நாள் வரலாறு’ என்னும் பொருள்பட எழுதுவார். ஒருவர் நோயை விரிந்துசெல்லும் ஒன்றாகக் காண்கிறார். மற்றவர் நோயாளி சொல்லக் கேட்ட கதையாகக் காண்கிறார். இரண்டும் மருத்துவத்துக்கு வேண்டியவையே. ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டுமே கெடும்.

இச்சொல்லோடு ‘தோர்பிதா’ என்னும் அடை சேர்ந்துவரும்போது இடர் கூடும். ஆங்கிலத்தில் அதன் உறவுச்சொல் மந்தம், சோம்பல் என்னும் பொருளுடையது. நோய் மந்தமாகச் செல்கிறது என்றால் நல்லதுதானே என்று படிப்பவர் எண்ணக்கூடும். ஸ்பானிய மருத்துவர் சொல்ல வந்தது, எதிர்பார்த்தபடி நோயாளி தேறவில்லை, நிலைமை நன்றாக இல்லை என்பது. மந்தமானது நோயன்று, நலம்பெறுதல்.

‘ரெமித்திர்’ என்னும் வினைச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: காய்ச்சல் தணிதல் ஒன்று, நோயாளியை வேறு மருத்துவரிடம் அனுப்புதல் மற்றொன்று. வலி ‘ரெமித்திர்’ ஆயிற்றென்றால் அது குறைந்தது. நோயாளி ‘ரெமித்திர்’ செய்யப்பட்டார் என்றால் அவர் இன்னும் நோயோடு வேறிடம் செல்கிறார். அவசரத்தில் பெயர்ப்பவர், அனுப்பப்பட்டவரை நலமடைந்தவராக்கிவிட இடமுண்டு.

இவை யாவற்றினும் வியப்பானது ‘எக்சித்துஸ்’ என்பது. ஸ்பானிய மருத்துவக் குறிப்பின் இறுதியில் இச்சொல் தனித்து நின்றால் நோயாளி இறந்தார் என்று பொருள். இலத்தீனில் இறுதி வெளியேற்றத்தைக் குறிக்கும் தொடரின் சுருக்கம் அது. அன்றாட ஸ்பானியத்தில் ‘எக்சித்தோ’ என்றால் வெற்றி! இறப்பும் வெற்றியும் ஒரே வேரிலிருந்து பிறந்து, ஈற்றால் மட்டும் வேறுபட்டு நிற்கின்றன. இவ்வகைச் சொற்களின் கண்ணிகளை ஆராய்ந்தோருள் ஸ்பெயின் நாட்டு மருத்துவரும் மொழிபெயர்ப்பாளருமான ஃபெர்னாண்டோ நவார்ரோ குறிப்பிடத்தக்கவர். அவருடைய ஐயந்தீர் அகராதி 2000இல் முதற்பதிப்புக் கண்டது. அது ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்குச் செல்வோருக்காக எழுதப்பட்டது. எனினும் எதிர்த்திசையில் வருவோருக்கும் அது வழிகாட்டுகிறது. பள்ளம் எங்கிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எப்பக்கத்திலிருந்து நடந்தாலும் விலகிச் செல்லலாம்.

இக்கட்டுரையை எழுதும்போது எனக்கே ஓர் இடர் நேர்ந்தது. தணிவு என்றேன், கட்டம் என்றேன், போக்கு, நடை என்றேன். இவற்றுள் எதுவும் தமிழில் ஒரு பொருளுக்கே உரியதாகக் கட்டுண்டு நிற்கவில்லை. நம் வழக்கில் காய்ச்சல் ‘விடும்’. ‘விட்டு விட்டும்’ வரும். ஒரே வினை, ஒருமுறை வந்தால் நீங்குதல். இருமுறை அடுக்கினால் மீண்டும் மீண்டும் வருதல். இதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும் ஒருவர் அடுக்கைக் கேளாமல் விட்டால் நோயின் போக்கே தலைகீழாகும்.

‘மயக்கம்’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். தலைசுற்றல், நினைவிழப்பு, கள்ளுண்ட களிப்பு, அறிவு தடுமாறுதல் ஆகிய அனைத்தும் தமிழில் மயக்கமே. மருத்துவமனையில் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்வதை மருத்துவருக்கு ஆங்கிலத்திலோ மலாயிலோ எடுத்துச் சொல்லும் பேரப்பிள்ளைகள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். “காலையிலிருந்து மயக்கமாக இருக்கிறது” என்று அவர் சொல்வார். உங்கள் வாயில் ஆங்கிலச் சொல் ஒன்று ஆயத்தமாக நிற்கும். அதனைச் சொல்லுமுன் அவரிடம் திரும்பி, “தலை சுற்றுகிறதா பாட்டி, அல்லது கண் இருண்டு விழுந்துவிட்டீர்களா? எப்போது தொடங்கியது? நடுவில் நின்றதா?” என்று தமிழிலேயே கேளுங்கள். மருத்துவர் சற்றுக் காத்திருப்பார்.